அரசு யார் பக்கம் என்று எழுதிக் கொடுங்கள்

தமிழ்நாட்டு அரசியல் கட்சிகளின் தேர்தல் அறிக்கைக் குழுக்களில் பொறுப்பேற்றிருக்கும் பெரியோர்களுக்கு,

வணக்கம்.

வடசென்னையில் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அருகே ஆவண எழுத்தராகத் தொழில் செய்கிறேன். கிரயம், அடமானம், தானசெட்டில்மென்ட், பாகப்பிரிவினை, உயில் என்று மனிதர்கள் சொத்தைக் கைமாற்றும் வழிகள் அத்தனைக்கும் வாசகம் எழுதிப் பிழைக்கிறவன். தேர்தலுக்குத் தேர்தல் நீங்கள் வெளியிடும் அறிக்கைகளை வரி விடாமல் படிக்கிறவன். அவற்றில் கல்விக் கடன் இருக்கிறது, மகளிர் உதவித்தொகை இருக்கிறது, முதலீட்டாளர் மாநாடு இருக்கிறது. சென்னையின் நிலத்தில் அரசு எதைத் தன் கையில் வைத்துக்கொள்ளும், எதைச் சந்தைக்கு விடும், இரண்டும் மோதும்போது யார் பக்கம் நிற்கும் என்பதை மட்டும் நான் படித்த எந்த அறிக்கையும் தெளிவாகச் சொன்னதில்லை. அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

தொலைக்காட்சி விவாதங்களில் இந்தக் கேள்வி வேறு உருவத்தில் வருகிறது. சொத்திலும் சந்தையிலும் அரசு தலையிடலாமா, கூடாதா என்று இரண்டு அணியாகப் பிரிந்து மோதுகிறார்கள். ஒருவர் சோவியத் ஒன்றியம் உடைந்ததைச் சொல்கிறார், மற்றவர் அமெரிக்காவில் 2008-இல் வங்கிகள் விழுந்ததைச் சொல்கிறார். என் மேசையில் கிடக்கும் ஒரு சாதாரணக் கிரயப் பத்திரத்தை வைத்துப் பார்த்தால் அந்த விவாதம் தொடங்கும் இடமே தவறு என்று தெரியும்.

ஒரு பத்திரத்தில் என்ன இருக்கிறது? விற்பவர் பெயர், வாங்குபவர் பெயர், மூலப் பத்திரத்தின் எண், பட்டா எண், நகர நில அளவை எண், நான்கு எல்லைகள், விலை. இதில் விற்பவரும் வாங்குபவரும் தவிர மீதி எல்லாம் அரசு உண்டாக்கியவை. அளந்து எண் போட்டது அரசு. பட்டா கொடுத்தது அரசு. உழவரிடம் நேரடியாகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறையை ஆளுநர் தாமஸ் மன்றோ நிலைநிறுத்திய காலத்திலிருந்து இந்த மாகாணத்தில் நிலத்தின் மீதான உரிமையும் அரசின் ஏடும் பிரிந்ததே இல்லை. பதிவுச் சட்டம் 1908-இல் வந்தது. அந்தப் பதிவு இல்லாவிட்டால் வங்கி கடன் தராது, நீதிமன்றம் கேட்காது, அடுத்தவர் வாங்கமாட்டார். விலையிலும் அரசு இருக்கிறது. பதிவுக்காக அரசே நிர்ணயிக்கும் நில விலையான வழிகாட்டி மதிப்பை 2017-இல் 33 சதவீதம் குறைத்தார்கள். பதிவுக் கட்டணத்தை 4 சதவீதமாக உயர்த்தினார்கள். 2023-இல் மதிப்பைப் பழைய நிலைக்குத் திருப்பிக் கட்டணத்தை 2 சதவீதமாக்கினார்கள். ஒவ்வொரு முறையும் நகரில் எந்த விலைக்கு எத்தனை பேர் வெளிப்படையாக எழுதுவார்கள், எவ்வளவு பணம் பத்திரத்துக்கு வெளியே கைமாறும் என்பதே மாறியது. அரசு இல்லாத சொத்துச் சந்தை ஒன்றை எனக்கு யாராவது காட்டினால் அங்கே சென்று ஒரு பத்திரமாவது எழுதிப் பார்க்க விரும்புகிறேன்.

ஆகவே, அரசு தலையிடலாமா என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். யாருக்காகத் தலையிடுகிறது என்பதைப் பேசுங்கள்.

நம்முடைய நகரத்தைப் பாருங்கள். தியாகராய நகரில் இன்று ஒரு கிரவுண்டு என்ன விலை என்று உங்களுக்குத் தெரியும். அந்த நிலம் நூறு ஆண்டுகளுக்கு முன்பு மாம்பலத்து ஏரி. நீதிக் கட்சி ஆட்சியில், 1920-ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டம் வந்த பிறகு, ஏரியை வற்றவைத்து, தெரு போட்டு, பூங்கா ஒதுக்கி, மனை பிரித்தது அரசு. அக்கட்சியின் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரையே அதற்கு வைத்தார்கள். பிறகு 1961-இல் வீட்டுவசதி வாரியம் வந்தது. அசோக் நகர், கே.கே. நகர், அண்ணா நகர் என்று வரிசையாக எழுந்தன. அண்ணா நகரின் அடியில் நடுவக்கரை போன்ற கிராமங்கள் இருந்தன. 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உழவர்களிடமிருந்து நிலத்தை எடுத்து, மனையாக்கி, அரசு ஊழியருக்கும் ஆசிரியருக்கும் வங்கிக்காரருக்கும் தவணையில் கொடுத்தார்கள். அந்த மனைகளின் மதிப்பு ஏறியதுதான் சென்னையின் நடுத்தர வர்க்கத்துக்குக் கிடைத்த முதல் பெரும் செல்வம். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் என்னிடம் பாகப்பிரிவினை எழுத வரும்போது, உழைக்காதவனுக்கு அரசு எதற்கு வீடு கொடுக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். அவர்களுடைய தாத்தாவின் ஒதுக்கீட்டு ஆணை அப்போது என் கையில் இருக்கும். அவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அரசு அவர்களுக்குச் செய்தது நல்ல வேலை. அதே வேலையை அடுத்த படியில் நிற்பவர்களுக்கு ஏன் நிறுத்தியது என்பதே என் கோபம்.

சித்தாந்தம் பேசுவதற்கு இந்த ஊருக்குப் பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தியாவின் முதல் மே நாளை 1923-இல் சிங்காரவேலர் இந்தக் கடற்கரையில்தான் கொண்டாடினார். பின்னி ஆலைத் தொழிலாளர்களை வைத்துச் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-இலேயே பிறந்திருந்தது. காங்கிரஸ் கட்சி சோசலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானத்தை 1955 ஜனவரியில் நிறைவேற்றியது நம் ஆவடியில். அதை எதிர்த்து, பெர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்ஜியம் நாட்டைக் கெடுக்கும் என்று எண்பது வயதில் ராஜாஜி சுதந்திராக் கட்சியை 1959-இல் அறிவித்ததும் இதே சென்னையில். 1952-இல் முதலமைச்சராக இருந்தபோது உணவுக் கட்டுப்பாட்டை நீக்கிக் காட்டியவர் அவர். வாய்ச்சொல்லோடு நின்றவர் இல்லை. அண்ணல் அம்பேத்கரோ 1947-இல் அரசமைப்புக்காக எழுதிய கோரிக்கையில் வேளாண்மையையே அரசுத் தொழிலாக்க வேண்டும், நிலம் அரசிடம் இருந்து ஊராருக்குக் கூட்டுக் குத்தகையாகப் போக வேண்டும் என்றார். சாதி கையில் வைத்திருக்கும் நிலத்தைச் சந்தை விடுவிக்காது என்பது அவருடைய கணக்கு.

இவர்களில் யாரோடு எனக்கு உடன்பாடு என்று கேட்டால், ராஜாஜியின் அச்சத்தையும் அம்பேத்கரின் கணக்கையும் சேர்த்து வைத்துக்கொள்கிறேன் என்பேன். அனுமதி கொடுக்கும் அதிகாரம் ஒரு மேசையில் குவிந்தால் அந்த மேசைக்கு அடியில் என்ன நடக்கும் என்பதைப் பத்திரத் தொழிலில் இருப்பவன் அறிவான். அதே தொழிலில் இருப்பவனுக்குத் தெரியும், எழுதுவதற்கு ஒரு துண்டு நிலம்கூட இல்லாதவனுக்குச் சந்தை என்ற ஒன்றே கிடையாது என்பதும். அந்தத் தலைவர்கள் அனைவருக்கும் பொதுவாக இருந்த ஒரு குணத்தை உங்களிடம் எதிர்பார்க்கிறேன். அரசு எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று அவர்கள் முன்கூட்டியே உரக்கச் சொன்னார்கள். 1967 தேர்தலில் தி.மு.க. கூட்டணியில் சுதந்திராக் கட்சியும் இருந்தது, மார்க்சிஸ்ட் கட்சியும் இருந்தது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று அண்ணா சொன்னார். அரிசி விலையில் அரசு கைவைக்கும் என்பது வாக்களித்தவர்களுக்கு முன்பே தெரியும். ஏற்றவர்கள் ஏற்றார்கள், மறுத்தவர்கள் மறுத்தார்கள்.

இன்று அப்படி நடக்கிறதா? 2023 ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் இரண்டு மசோதாக்கள் நிறைவேறின. ஒன்று, தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்தது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் கொதித்ததால் அது சில நாட்களில் நிறுத்திவைக்கப்பட்டு, மே நாளன்று திரும்பப் பெறப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. மற்றொன்று, நூறு ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டங்களுக்காக நீர்நிலைகள் உள்ள நிலத்தையும் ஒருங்கிணைத்துக் கொடுக்க வழிசெய்யும் சட்டம். அது இன்றும் இருக்கிறது. ஏரியும் ஓடையும் வாய்க்காலும் யாருடைய சொத்து, அரசு அவற்றுக்குக் காவலா உரிமையாளரா என்பது ஒரு மாநிலத்தின் அடிப்படைக் கேள்வி. அது ஒரு கூட்டத்தொடரின் கடைசி நாளில் முடிந்துபோனது. வேலை நேரத்துக்குக் கிடைத்த கொதிப்பில் பாதிகூட நிலத்துக்குக் கிடைக்கவில்லை. பரந்தூர் பகுதியில் ஏகனாபுரத்து மக்கள் 2022 முதல் விமான நிலையத்தை எதிர்த்துக் கேட்டுக்கொண்டிருப்பதும் இதே கேள்விதான்.

வாடகைச் சட்டத்திலும் இப்படித்தான் ஒரு பெரிய மாற்றம் ஓசையில்லாமல் நடந்தது. 1960-ஆம் ஆண்டுச் சட்டம் வாடகைதாரருக்குக் காவல் நின்றது. நியாய வாடகையை நீதிமன்றம் நிர்ணயிக்கலாம் என்றது. 2017-இல் இயற்றி 2019-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் வாடகையை இரு தரப்பின் ஒப்பந்தத்துக்கே விட்டுவிட்டது. பழைய சட்டத்தில் குறை இருந்தது உண்மை. ஜார்ஜ் டவுனில் பல கட்டடங்கள் பழுதுபார்க்க ஆளின்றி இடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். கட்டிய வீட்டைப் பூட்டியே வைத்திருந்தவர்களை நான் அறிவேன். எனவே புதிய சட்டத்தை முழுதும் எதிர்க்கமாட்டேன். ஆனால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்று அது சொல்வதை எத்தனை வீட்டுக்காரர்கள் செய்கிறார்கள்? வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் ஒற்றை அறையில் இருப்பவர் ஒப்பந்தம் கேட்டால் காலி செய்யச் சொல்வார்கள். சந்தைக்கு விட்டாயிற்று, பலமில்லாத தரப்பின் கையில் ஒரு தாளைக் கொடுக்கும் வேலையை அரசு மறந்துவிட்டது.

ஒரு பழைய சட்டத்தை நினைவூட்ட விரும்புகிறேன். சென்னை மாநகர வாடகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1921. அடுத்தவர் மனையில் அடிமனை வாடகை கொடுத்துத் தன் செலவில் வீடு கட்டிக்கொண்டவரை, மனையின் விலை ஏறியதும் நில உடைமையாளர் வெளியேற்றப் பார்த்த காலம் அது. வெளியேற்ற வேண்டுமானால் கட்டடத்துக்கு இழப்பீடு கொடு என்றது சட்டம். அதோடு நிற்கவில்லை. ஒன்பதாவது பிரிவின்படி, குடியிருப்பவர் நீதிமன்றம் சென்று, நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலைக்கு அந்த மனையைத் தனக்கே விற்கும்படி கேட்கலாம். யோசித்துப் பாருங்கள். விருப்பமில்லாத உடைமையாளரை விற்கவைக்கிறது அரசு. அதே நேரத்தில் இலவசமாகப் பிடுங்கவில்லை, விலை கொடுக்கச் சொல்கிறது. இது எந்த இசம்? சொத்துரிமையை மறுக்கும் சட்டமா, சொத்துரிமையை இன்னும் நிறைய பேருக்குக் கொடுக்கும் சட்டமா? இரண்டும் சேர்ந்ததுதான். வெள்ளையர் ஆட்சியில், பாதி அதிகாரம்கூட இல்லாத ஒரு சட்டமன்றத்தால் நூறு ஆண்டுகளுக்கு முன்பு இவ்வளவு துணிவாக எழுத முடிந்தது. 1996-இல் ஒரு திருத்தம் கொண்டுவந்து, கோயில் உள்ளிட்ட அறநிலைய நிலங்களை அதன் வரம்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். கோயிலின் வருவாயைக் காப்பது நியாயமான நோக்கம்; அதில் எனக்கு மறுப்பில்லை. தலைமுறைகளாக அந்த அடிமனைகளில் கட்டி வாழ்ந்த எளிய குடும்பங்களுக்கு அதற்கு மாற்றாக என்ன வழி என்பதை எந்தக் கட்சியும் இன்றுவரை தீர்த்துவைக்கவில்லை.

அடுத்து, என் மனத்தை அதிகம் வருத்தும் விஷயத்துக்கு வருகிறேன். குடிசை மாற்று வாரியம் 1970-இல் வந்தது, அதற்கான சட்டம் 1971-இல். ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம் என்ற அண்ணாவின் சொல்லைத் தாங்கி வந்த வாரியம் அது. தொடக்கத்தில் மக்கள் இருந்த இடத்திலேயே அடுக்குக் குடியிருப்புகள் கட்டினார்கள். மெரினாவுக்குப் பக்கத்திலும் மந்தைவெளியிலும் ஏழைக்கு இடம் உண்டு என்று ஓர் அரசு சொன்னது. விலை உயர்ந்த நிலத்தில் விலையைப் பாராமல் ஆளைப் பார்த்த முடிவு. 2000-க்குப் பிறகு திசை மாறியது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். கூவம் கரையிலிருந்தும் நகரின் நடுவிலிருந்தும் இருபது, முப்பது கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விட்டார்கள். வீட்டு வேலைக்குப் போன பெண்கள் வேலையை இழந்தார்கள், பிள்ளைகள் பள்ளியை இழந்தார்கள். வெள்ளத்திலிருந்து காப்பதற்காக என்று சொல்லித்தான் பலரைக் கொண்டுபோனார்கள்; செம்மஞ்சேரியோ 2015-இல் வெள்ளத்தில் நின்றது. வாரியத்தின் பெயர் 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியிருக்கிறது.

அந்தக் குடும்பங்களின் கையில் என்ன காகிதம் இருக்கிறது தெரியுமா? பலரிடம் ஒதுக்கீட்டு ஆணை மட்டுமே. கிரயப் பத்திரம் இல்லை. நகருக்குள் இருக்கும் பழைய வாரியக் குடியிருப்புகளிலேகூட, நிலம் வேறொரு துறையின் பெயரில் இருப்பதால் பத்திரம் தரமுடியாமல் கிடக்கும் இடங்கள் உண்டு. மகளின் திருமணத்துக்கோ மருத்துவத்துக்கோ பணம் தேவைப்படும்போது அந்த ஆணையை எடுத்துக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். அதை வைத்து வங்கியில் கடன் வாங்க முடியாது. விற்கவும் முடியாது. நான் மறுத்து அனுப்பிவிட்டால், முத்திரைத்தாளில் யாரோ ஒருவர் எழுதிக் கொடுக்கும் பதிவில்லாத ஒப்பந்தத்தை நம்பி, சந்தை விலையில் ஒரு பங்குக்கு வீட்டை விட்டுக்கொடுக்கிறார்கள். வாங்குபவருக்கும் உரிமை இல்லை, விற்றவருக்கும் நியாயமான பணம் இல்லை. அரசின் வீடு, சந்தையின் வீடு என்ற இரண்டிலும் சேராத இந்த நிலையில் பல்லாயிரம் குடும்பங்களை வைத்திருப்பது எந்தச் சித்தாந்தத்தின்படி சரி? அரசே உடைமையாளராக இருப்பது கொள்கையானால், பராமரிப்பையும் தண்ணீரையும் மின்தூக்கியையும் உடைமையாளருக்குரிய பொறுப்போடு பாருங்கள். மக்களை உடைமையாளர் ஆக்குவது கொள்கையானால் பத்திரத்தைக் கொடுங்கள்.

பத்திரம் கொடுத்தால் விற்றுவிட்டு மறுபடி ஆற்றங்கரைக்கு வந்துவிடுவார்கள் என்று அதிகாரிகள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். இதற்கு இந்த நகரமே பதில் வைத்திருக்கிறது. 1977-இல் உலக வங்கியின் உதவியோடு சென்னையில் ஒரு திட்டம் தொடங்கியது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் அரசு மனை பிரித்து, சாலையும் குடிநீரும் கழிவுநீர் வசதியும் செய்து, பெரும்பாலான மனைகளைச் சிறிய அளவில் ஏழைகளுக்குத் தவணையில் கொடுத்தது. வீட்டை அவரவரே அவரவர் வேகத்தில் கட்டிக்கொண்டார்கள். முதலில் ஓலை, பிறகு ஓடு, பிறகு தளம், பிறகு மாடி. இன்று போய்ப் பாருங்கள். சிலர் விற்றுப் போனார்கள், உண்மைதான். நல்ல விலைக்கு விற்றுப் போனார்கள். நிறைய பேர் அங்கேயே இருக்கிறார்கள். கீழே கடை, நடுவில் வாடகைக்கு ஒரு வீடு, மேலே சொந்தக் குடும்பம். நில உரிமையை அரசு உறுதிசெய்தது, மற்றதை மனிதர்களின் முயற்சிக்கு விட்டது. இடதுசாரி நண்பர்களுக்கு உலக வங்கி என்ற பெயர் பிடிக்காது, சந்தைவாதிகளுக்கு அரசு மனை கொடுத்தது பிடிக்காது. அதனால் அந்தத் திட்டத்தை இரண்டு தரப்பும் பேசுவதில்லை போலும். எனக்குத் தெரிந்து சென்னையில் ஏழைக்காக அரசு செய்த வீட்டுவசதிக் காரியங்களில் அதுவே மிகச் சிறந்தது.

சந்தையை அரசு எப்படி நடத்த வேண்டும் என்பதற்கும் நம்மிடமே சான்றுகள் உள்ளன. கொத்தவால் சாவடியின் நெரிசலைத் தீர்க்கச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் கோயம்பேட்டில் அங்காடி வளாகம் கட்டி 1996-இல் திறந்தது. இடத்தை அரசு உண்டாக்கியது. வெங்காயத்தின் விலையை வரத்தும் தேவையும் முடிவு செய்கின்றன. 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்தை மொத்தமாக ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்குகிறது. மருந்து ஆலை எதையும் அரசு எடுத்துக்கொள்ளவில்லை. பெரிய வாங்குபவராக நின்று விலையைக் குறைத்தது. பிற மாநிலங்கள் அதைப் பார்த்துத் தாங்களும் செய்தன. பொது விநியோகத்தில் எல்லோருக்கும் அரிசி என்பதை இந்த மாநிலம் விடாமல் காத்தது. இவையெல்லாம் நடக்கிற காரியங்கள்.

நடக்காது என்று எதைச் சொல்கிறீர்கள் என்பதையும் பார்க்கிறேன். சென்னையின் குப்பை அள்ளும் பணியைத் தனியாருக்குக் கொடுப்பது 2000-ஆம் ஆண்டில் தொடங்கியது. இரு கழகங்களின் ஆட்சியிலும் தொடர்ந்தது. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகையின் முன்பு இரவு பகலாக அமர்ந்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், பெரும்பாலோர் தலித்துகள். பதின்மூன்றாம் நாள் நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. ஆட்சியில் இல்லாதபோது நிரந்தரப் பணி என்பதும், ஆட்சிக்கு வந்தபின் ஒப்பந்தம் என்பதும் எல்லாப் பக்கமும் வழக்கமாகிவிட்டது. 2003 முதல் இந்த மாநிலம் முழுவதும் மதுவைச் சில்லறையில் விற்கும் ஒரே வியாபாரி அரசுதான். ஊர் ஊராகக் கடை நடத்தி, கணக்கு வைத்து, சரக்கு அனுப்பத் தெரிந்த அரசுக்குத் தெருவைக் கூட்டுகிறவரைத் தன் ஊழியராக வைத்துக்கொள்ளத் திறமை இல்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். திறமை இருக்கிறது. அந்தத் தொழிலாளியின் பக்கம் நிற்கும் முடிவு இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது, அதைப் பற்றி யாருமே பேசுவதில்லை. 2019-இல் வந்த கட்டட விதிகள் சாதாரணக் கட்டடங்களுக்கான தளப்பரப்புக் குறியீட்டை, அதாவது மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவை, 1.5-லிருந்து 2 ஆக்கின. ஒரு பேனா அசைந்தது, நகரில் ஒவ்வொரு மனையிலும் எழுப்பக்கூடிய சதுர அடி கூடிவிட்டது. மெட்ரோ ரயில் 2015-இல் ஓடத் தொடங்கியதும் அதை ஒட்டிய மனைகளின் விலை ஏறியது. டைடல் பூங்காவை 2000-இல் அரசு திறந்த பிறகு பழைய மாமல்லபுரம் சாலையின் இரு பக்கமும் என்ன நடந்தது என்பதை நானும் என் சக எழுத்தர்களும் பத்திரம் பத்திரமாகப் பார்த்தோம். அந்த ஏற்றம் நில உடைமையாளரின் உழைப்பால் வந்ததா? மக்கள் வரிப்பணத்தால் வந்தது. அதில் மக்களுக்குப் பங்கு எவ்வளவு? கூடுதல் தளப்பரப்புக்கு அரசு கட்டணம் வாங்குகிறது என்பது தெரியும். அந்தக் கட்டணமும் வழிகாட்டி மதிப்பைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. அந்த மதிப்பைக் குறைவாக வைத்தால் அதில் மிஞ்சுவது யாருக்கு என்று நான் விளக்க வேண்டியதில்லை. இதே பழைய மாமல்லபுரம் சாலையின் பக்கத்தில்தான் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் சுருங்கியது. குப்பைமேடும் அரசு சார்ந்த நிறுவனங்களும் முதலில் உள்ளே போயின, தனியார் பின்னால் போனார்கள். உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி 2022-இல் கிடைத்தபோது எஞ்சியிருந்ததற்குத்தான் கிடைத்தது.

தடையற்ற சந்தைக்கு எடுத்துக்காட்டாக எல்லோரும் சொல்லும் ஹாங்காங்கில், ஒரு தேவாலயத்தின் நிலம் நீங்கலாக, நிலம் முழுவதும் அரசுடையது. குத்தகைக்கு விட்டு அந்த வருவாயில் அரசு நடக்கிறது; மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அரசு உதவியுள்ள வீடுகளில் இருக்கிறார்கள். நம் மக்கள் வியந்து பேசும் சிங்கப்பூர் 1966-இல் நிலம் கையகப்படுத்தும் சட்டம் கொண்டுவந்து, பெரும்பாலான நிலத்தைத் தன்னிடம் எடுத்துக்கொண்டது. குடிமக்களில் பெரும்பான்மையினர் அரசு கட்டிய, 99 ஆண்டுக் குத்தகையுள்ள வீடுகளில் வாழ்கிறார்கள். அங்கே நடந்த எல்லாவற்றையும் நான் போற்றவில்லை. ஆங்காங்கே குறைந்த இழப்பீட்டோடு நிலம் இழந்தவர்களின் கண்ணீரும் அதில் இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு ஊர்களைக் காட்டி, அரசு ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்று யாரும் என்னிடம் வாதிட வேண்டாம்.

அரசு எடுத்துக்கொண்டால் மட்டும் போதும் என்பதற்கும் எதிர்ச்சான்று நம்மிடம் உண்டு. நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம் 1978-இல் வந்து 1999-இல் நீக்கப்பட்டது. உபரி நிலம் ஏழைக்கு வீடாகும் என்ற கனவு வழக்குகளிலும் விதிவிலக்குகளிலும் கரைந்தது. உச்சவரம்பில் வந்த நிலமா என்று மூலப் பத்திரங்களை இன்றும் துருவிக்கொண்டிருக்கிறோம். அதைவிட வலிப்பது பஞ்சமி நிலம். செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் 1891-இல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் ஒதுக்கப்பட்டது. பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, பிறகும் அம்மக்களுக்குள்ளேயே விற்கலாம் என்பது நிபந்தனை. சந்தையின் அடியிலிருந்து காக்க அரசு போட்ட வேலி அது. வேலியைப் போட்ட அரசின் ஏடுகளிலேயே அந்த நிலங்கள் பிறர் பெயருக்கு மாறின. மீட்கக் கேட்டுச் செங்கல்பட்டுச் சீமையின் காரணையில் 1994-இல் போராடியபோது துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தார்கள். எத்தனை ஏக்கர் மீட்டோம் என்று எந்த ஆட்சியாவது பெருமையோடு சொல்லும்படி இருக்கிறதா?

உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் ஒரு தீர்ப்பு தந்தது. தனியார் சொத்து அனைத்தையும் சமூகத்தின் பொருள் வளம் என்று அரசு கொண்டுவிட முடியாது, சில வகைச் சொத்துகள் சூழ்நிலையைப் பொறுத்து அப்படி அமையலாம் என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. சொத்துரிமை 1978-இல் அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டாலும், சட்டத்தின் வழியன்றி ஒருவரின் சொத்தைப் பறிக்க முடியாது என்ற 300-அ பிரிவு நிற்கிறது. ஆகவே எது பொதுவளம், எது தனியுரிமை என்று தேர்ந்தெடுத்துச் சொல்லும் பொறுப்பு உங்கள் தலையில்தான் வந்து விழுகிறது. நீதிமன்றத்தின் பின்னால் மறைய இடமில்லை.

உங்கள் அறிக்கையில் நான் பார்க்க விரும்புவதைச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் அரசுக்கும் அதன் வாரியங்களுக்கும் இருக்கும் நிலம் எங்கே, எவ்வளவு, யாருக்கு எந்தக் குத்தகைக்கு விடப்பட்டிருக்கிறது என்ற முழுப் பட்டியலை ஆட்சிக்கு வந்த முதல் ஆண்டிலேயே வெளியிடுவோம் என்று எழுதுங்கள். வாரிய வீடுகளில் தவணை முடித்தவர்களுக்குக் கிரயப் பத்திரம் எந்த மாதத்துக்குள் கிடைக்கும் என்று எழுதுங்கள். முத்திரைத்தீர்வையைத் தள்ளுபடி செய்யுங்கள், குடும்பத்தின் பெண் பெயரில் பதியுங்கள். நகருக்குள் இருப்பவரை நகருக்குள்ளேயே குடியமர்த்துவோமா, மாட்டோமா என்று ஒரே வரியில் எழுதுங்கள். மெட்ரோவாலும் சாலையாலும் ஏறும் மனை மதிப்பில் எத்தனை சதவீதம் ஏழைகளின் வீட்டுக்குப் போகும் என்று எழுதுங்கள். தூய்மைப் பணியாளர் அரசின் ஊழியரா, ஒப்பந்ததாரரின் ஆளா என்று எழுதுங்கள். நீர்நிலை நிலச் சட்டத்தை வைத்துக்கொள்வீர்களா, நீக்குவீர்களா என்று எழுதுங்கள். சந்தைக்கே விடுவோம் என்பது உங்கள் கொள்கையானால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். அதை எதிர்த்து நான் வாக்களிக்கக்கூடும். ஆனாலும் அந்த நேர்மைக்கு மதிப்பளிப்பேன்.

இந்த மடலின் படியை ஒவ்வொரு கட்சித் தலைமையகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். அறிக்கை அச்சுக்குப் போகும் முன் இவற்றில் எந்தெந்தக் கேள்விக்கு எந்தப் பக்கத்தில் பதில் இருக்கிறது என்று ஒரு கடிதம் எழுதினால் போதும். அதைப் பத்திரம் எழுத வரும் எல்லோரும் படிக்கும்படி என் கடை வாசலில் ஒட்டிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆவண எழுத்தர்,
வடசென்னை.